சிறிய இன நாய்க்குட்டிக்கு வீட்டுப் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொமரேனியன், சிவாவா, ஷிட்சூ, மால்டீஸ், யார்க்ஷயர் டெரியர், பக், டாஷ்ஹண்ட் என்று மடியில் அடங்கும் குட்டி ஒன்றைக் கொண்டுவந்த வீட்டில் முதல் வாரமே கிளம்பும் கேள்விகள் இவை. சிறுநீரும் மலமும் கழிக்க வேண்டிய இடத்தில் மட்டும் கழிப்பதைத்தான் இங்கே வீட்டுப் பழக்கம் என்கிறோம்.

சின்ன நாய்களைப் பழக்குவது கஷ்டம் என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். உடம்பு சிறியது என்றால் சிறுநீர்ப்பையும் சிறியது. நன்றாக வளர்ந்த சிவாவாவே பெரும்பாலும் 3 கிலோவுக்குள்தான் இருக்கும். பொமரேனியன் சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. அப்படியானால் இரண்டு மாதக் குட்டியின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதோடு, எடைக்கு எடை பார்த்தால் சிறிய நாயின் உடம்பு சாப்பாட்டை வேகமாகச் செலவழிக்கிறது. அடிக்கடி சாப்பிடும், அடிக்கடி போகும்.

மீதிப் பாதிக்கு நாம்தான் காரணம். லாப்ரடார் குட்டி கூடத்தில் சிறுநீர் போனால் வீட்டில் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். சிவாவா குட்டி சோபாவுக்குப் பின்னால் ஒரு ஸ்பூன் அளவு போனால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு துணியால் ஒற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அளவு எவ்வளவு என்பது நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. முட்டிக்கொண்டு வந்தது, அங்கே போனது, நிம்மதி ஆனது. அந்த இடம் அதன் மனதில் பதிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிறிய குட்டியின் வயிறு ஏற்கெனவே தரையை ஒட்டித்தான் இருக்கிறது. அது குந்துவதும் நிற்பதும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரிய நாயிடம் எளிதாகக் கண்ணில் படும் அறிகுறிகள் இதனிடம் தப்பிவிடும். ஆகவே சிறிய நாயை வைத்திருப்பவர் பெரிய நாய் வைத்திருப்பவரைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்?

வீட்டுக்கு வந்த அன்றைக்கே. பொதுவாகக் குட்டிகள் 8 வாரத்துக்குப் பிறகுதான் தாயைப் பிரியும். மிகச் சிறிய இனங்களில் 10, 12 வாரம் வரை தாயோடு விடுவதும் உண்டு, அது நல்லதுதான்.

பிறந்த புதிதில் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் போகும். ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் அந்தத் தேவை குறைந்து, படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்க் கழிக்கத் தொடங்கும். ‘படுக்கும் இடம் வேறு, கழிக்கும் இடம் வேறு’ என்ற உணர்வு இப்படி அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்வதெல்லாம் படுக்கும் இடத்தின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடு முழுவதற்கும் விரிப்பதுதான். எட்டு, ஒன்பது வார வயதில் காலுக்குக் கீழே எந்தத் தரை இருந்தால் போக வேண்டும் என்ற விருப்பமும் படியத் தொடங்கும். புல்லில் போய்ப் பழகியது புல்லைத் தேடும், காகிதத்தில் பழகியது காகிதத்தைத் தேடும். அதனால், குட்டியை வாங்கும்போது அது இதுவரை எதன்மேல் போய்ப் பழகியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு நேரம் அடக்கிக்கொள்ளும்?

மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண், அது அடக்கக்கூடிய மணிநேரம் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. மூன்று மாதம் என்றால் நான்கு மணிநேரம். சிறிய இனத்துக்கு இதை நம்பி நடக்காதீர்கள். அது உச்ச வரம்பு, அதுவும் குட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது. ஓடி விளையாடும் இரண்டு மாதக் குட்டிக்கு அரை மணியே அதிகம். விளையாடாமல் சும்மா விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை கூட்டிப் போவது என்று தொடங்குங்கள். சில நாள் தவறில்லாமல் போனால் பதினைந்து நிமிடம் கூட்டுங்கள். தவறு நடந்தால் பழையபடி குறையுங்கள்.

எந்தெந்த நேரத்தில் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும்?

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாட்டு நடுவிலும் முடிவிலும், கூண்டைத் திறந்ததும், விருந்தாளி வந்து ஆர்ப்பாட்டம் அடங்கியதும், இரவு படுக்கும் முன்பும். பகல் தூக்கமும் தூக்கம்தான். பத்து நிமிடம் கண் அயர்ந்து எழுந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கும் மலத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். குட்டிகளிடம் இது பெரும்பாலும் 5 முதல் 30 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். உங்கள் குட்டி எத்தனை நிமிடத்தில் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். வேளைக்கு வேளை ஒரே நேரத்தில் உணவு வைத்தால் அது போகும் நேரமும் ஓர் ஒழுங்குக்கு வரும். தட்டை நாள் முழுக்கத் தரையில் வைத்துவிட்டு, அது எப்போது போகும் என்று தெரியவில்லையே என்றால் யாராலும் சொல்ல முடியாது.

இந்த நேரங்களுக்கு வெளியே குட்டி திடீரென்று விளையாட்டை விட்டுவிட்டுத் தரையை முகர்ந்தாலோ, வட்டம் போட்டாலோ, மேசைக்கு அடியில் அல்லது அடுத்த அறைக்குள் நழுவினாலோ, கேள்வி கேட்காமல் தூக்குங்கள்.

வெளியே கூட்டிப் போனால் சும்மா சுற்றுகிறது. உள்ளே வந்ததும் கம்பளத்தில் போகிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. வெளியே காற்று, இலை, பூச்சி, தெருவில் போகிறவர் என்று ஆயிரம் வேடிக்கை இருக்கிறது. உள்ளே வந்ததும் அதெல்லாம் அடங்கி, ‘ஓ, அவசரமாக இருக்கிறதே’ என்று உடம்பு நினைவூட்டுகிறது. காலுக்குக் கீழே மெத்தென்று கம்பளம் வேறு.

இதற்கு வழி, வெளியே போவதைக் கொஞ்சம் சலிப்பாக்குவது. கயிற்றில் கட்டி, தினமும் அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் நகராமல் நில்லுங்கள். பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள், போனைக்கூட எடுக்காதீர்கள், ஏனென்றால் அது குந்தும் கணத்தைத் தவறவிடுவீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். போகவில்லையா, சரி, உள்ளே தூக்கி வாருங்கள். ஆனால் கீழே விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ பத்து, பதினைந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி அதே இடம். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கம்பளம் நனைவதும் அந்த இடைவெளியில்தான்.

போய் முடித்த பிறகு உடனே உள்ளே இழுத்துக்கொண்டு வரவும் கூடாது. போனால் வெளியே இருக்கும் சந்தோஷம் முடிந்துவிடும் என்று அதற்குப் புரிந்துவிட்டால், அடுத்த முறை அடக்கி வைத்துக்கொண்டு நேரத்தை நீட்டும். முதலில் வேலை, அப்புறம் ஐந்து நிமிடம் விளையாட்டு என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

ஒரு சிறு குறிப்பு: சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழல் எளிதில் தளர்ந்து தட்டையாகும் கோளாறு வரக்கூடும். கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் கட்டுங்கள்.

பரிசு கொடுக்க வேண்டுமா? வாயால் பாராட்டினால் போதாதா?

பாராட்டும் வேண்டும், தின்பண்டமும் வேண்டும். இதில் பண்டத்தைவிட நேரம்தான் முக்கியம். போய் முடித்த ஓரிரு நொடிக்குள், அந்த இடத்திலேயே வாயில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்கான பரிசு என்றே அது எடுத்துக்கொள்ளும். அதனால் பண்டம் உங்கள் பையில் இருக்க வேண்டும். பாதிப் பட்டாணி அளவு தாராளம். இரண்டு கிலோ நாய்க்கு நாளெல்லாம் பெரிய பிஸ்கட் கொடுத்தால் வேளைச் சாப்பாட்டைத் தொடாது, எடையும் ஏறும்.

கூடவே ஒரு சொல்லையும் பழக்கிக்கொள்ளுங்கள். ‘மூச்சா போ’, ‘சீக்கிரம்’ என்று எதுவாகவும் இருக்கலாம், வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் அது போய்க்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு இடத்துக்கு வந்ததும் சொன்னால் போகத் தொடங்கும். பயணத்தின்போதும் மழை நாளிலும் இந்தச் சொல் எவ்வளவு உதவும் என்பது அப்போது தெரியும். சத்தமாகப் பாராட்டுவதை மட்டும் அது முடிக்கும் வரை தள்ளிப்போடுங்கள். பாதியில் கைதட்டினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்துவிடும், மீதி உள்ளே வந்துதான் போகும்.

கூண்டில் அடைப்பது கொடுமை இல்லையா?

தண்டனையாக அடைத்தால் கொடுமைதான். மணிக்கணக்கில் அடைத்தாலும் கொடுமைதான். தொட்டிலில் குழந்தையை விடுவதுபோல, கவனிக்க முடியாத சிறு நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் குட்டி தானாகவே உள்ளே போய்ப் படுக்கும். கதவு திறந்திருக்கும்போது சாப்பாட்டையும் பொம்மையையும் உள்ளே வைத்து, முதலில் நொடிக் கணக்கில், பிறகு நிமிடக் கணக்கில் பழக்குங்கள்.

அளவில்தான் சிறிய நாய் வைத்திருப்பவர்கள் சறுக்குகிறார்கள். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ‘வளர்ந்த பிறகும் ஆகுமே’ என்று பெரிதாக வாங்கினால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு எதிர் மூலையில் போய்விடும். பெரிய கூண்டுதான் கையில் இருக்கிறது என்றால் நடுவே தடுப்பு வைத்துக் குறுக்கிவிடுங்கள். கூண்டே பிடிக்கவில்லை என்றால் வீட்டில் இருக்கும்போது குட்டியின் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும், கண்ணை மறைத்து எங்கும் போக முடியாது.

சரியான அளவுக் கூண்டிலேயே போய்விடுகிறதே?

மூன்று காரணங்களை யோசியுங்கள். அதிக நேரம் விட்டிருக்கலாம். உள்ளே போட்ட மெத்தை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதால் ஈரத்தில் படுக்கும் சங்கடமே அதற்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் சில நாள் மெல்லிய துணி மட்டும் போட்டுப் பாருங்கள். மூன்றாவதுதான் கடினம். நெருக்கமான அழுக்குக் கூண்டில் வளர்ந்து விற்பனைக்கு வந்த குட்டிகள் வேறு வழியில்லாமல் தம் அசுத்தத்தின்மேலேயே படுத்துப் பழகியவை. தள்ளிப் போய்க் கழிக்கும் அந்த உணர்வே மழுங்கிப் போயிருக்கும். அவற்றிடம் கூண்டு வேலை செய்யாது. கொஞ்சம் பெரிய தடுப்புக்குள் ஒரு பக்கம் படுக்கையும் மறு பக்கம் சிறுநீரை உறிஞ்சும் விரிப்பான பேடும் வைத்து, அந்த வித்தியாசத்தை மறுபடி கற்றுத்தர வேண்டும். நாளாகும், ஆனால் வரும்.

பேட் போட்டுப் பழக்குவதா, நேராக வெளியே பழக்குவதா?

எளிதாக வெளியே போக முடிகிற வீடு என்றால் நேராக வெளியே. இரண்டு முறை பழக்கும் வேலை மிச்சம். மேல் மாடியில் குடியிருப்பவர், வேகமாக நடக்க முடியாத முதியவர், கடும் குளிரில் வாழ்பவர் இவர்களுக்கு உள்ளேயே ஓர் இடம் என்பதும் நியாயமான முடிவுதான். சிறிய நாயில் இது சாத்தியமாகிறது என்பதே ஒரு வசதி. நாற்பது கிலோ நாயை வைத்துக்கொண்டு இப்படி யோசிக்கவே முடியாது.

ஆனால் பேடில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெத்தென்று, சதுரமாக, தரையில் கிடக்கும் துணி போன்ற பொருளில் போகலாம் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு, குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மிதியடிகளைச் சில மாதம் சுருட்டி வையுங்கள். அல்லது பேடுக்குப் பதில் செயற்கைப் புல் பதித்த தட்டு வையுங்கள். வீட்டில் அதுபோல் வேறு பொருள் இருக்காது, பின்னால் வெளியே மாற்றும்போது உண்மையான புல்லும் அந்நியமாகத் தோன்றாது.

பேடைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் தள்ளி ஒரே இடத்தில் வையுங்கள். பேடில் போனாலும் வெளியே போனதற்கு ஈடான பாராட்டும் பண்டமும் உண்டு. பேடை விரித்துவிட்டு, அது தானே புரிந்துகொள்ளும் என்று விடுபவர்கள் அதிகம். புரிந்துகொள்ளாது, கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். பின்னால் வெளியே மாற்ற நினைத்தால் பேடை நாளுக்குக் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தி, பிறகு கதவுக்கு வெளியே, பிறகு நீங்கள் விரும்பும் இடத்துக்கு, கடைசியில் ஒரு சிறு துண்டாக்கி எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் பேட் இருந்த வெறும் தரையில்தான் போகும்.

தடுப்பூசி முடியவில்லை. வெளியே கூட்டிப் போகலாமா?

பிற நாய்கள் வந்து போகும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள். கடும் வாந்தி, பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான சூழலில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். சிறிய குட்டிக்கு அந்த நோய் வந்தால் உயிருக்கே ஆபத்து. அடிப்படைத் தடுப்பூசி வரிசை பொதுவாக 16 வாரத்திலோ அதற்குச் சற்றுப் பிறகோதான் முடியும். அதுவரை சொந்த முற்றம், பால்கனி, புல் தட்டு இவை போதும். கையில் தூக்கிக்கொண்டு வெளியுலகைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். உங்கள் பகுதியில் எப்போது தரையில் விடலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கண் எதிரிலேயே போகிறது. திட்டலாமா? மூக்கைத் தேய்க்கலாமா?

வேண்டாம், இரண்டுமே வேண்டாம்.

போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் மெல்லக் கைதட்டி அதன் கவனத்தைத் திருப்புங்கள், தூக்குங்கள், சரியான இடத்தில் விடுங்கள். அங்கே ஒரு சொட்டு போனாலும் பாராட்டுங்கள். சிறிய குட்டியைத் தூக்குவது நொடி வேலை. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கத்தினால் அது கற்றுக்கொள்வது, ‘இவர் பார்க்கும்போது போனால் ஆபத்து’ என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப் போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை போகாது. நீங்கள் பரிசு கொடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

முடிந்து போனதைப் பிறகு கண்டால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். ‘தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள், குற்ற உணர்ச்சி’ என்பார்கள். 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற நாய் அறிதிறன் ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகபாவத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அந்த முகம் அதிகமாக வந்தது, தப்பே செய்யாத நாய்க்கும் வந்தது. காதைப் பின்னால் மடித்து, கண்ணைத் திருப்பிக்கொள்வது உங்கள் கோபத்துக்கான பதில். காலையில் போன சிறுநீருக்கும் மாலையில் விழும் திட்டுக்கும் அதனால் முடிச்சுப் போட முடியாது.

எதைக்கொண்டு சுத்தம் செய்வது?

நமக்கு வாசம் போனால் போதாது, நாயின் மூக்குக்குப் போக வேண்டும். முதலில் உறிஞ்சும் துணியால் அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை, சிறுநீர் ஊறிய ஆழம் வரை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் விட்டுவிடுங்கள். நொதி வேலை செய்ய நேரம் வேண்டும். தெளித்த உடனே துடைத்தால் காசுதான் வீண்.

அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அந்த வாசம் சிறுநீரை நினைவூட்டும். ப்ளீச்சைச் சிறுநீர்மேல் நேராக ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். சிறிய நாய் எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியாவிட்டால், விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கறைகள் ஒளிரும். சோபாவின் பின்புறம், திரைச்சீலையின் அடி, கட்டில் கால் இவற்றில் தொடங்குங்கள். முதல் முறை பார்க்கும்போது மனம் கொஞ்சம் உடையும்.

இரவில் எத்தனை முறை எழ வேண்டும்?

தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தி குறையும், அதனால் பகலைவிட இரவில் அதிகம் தாங்கும். இருந்தும் இரண்டு, மூன்று மாதச் சிறிய குட்டிக்கு இரவில் ஒன்றிரண்டு முறை எழத்தான் வேண்டும். கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். புரண்டு முனகும் சத்தம் கேட்டதும் தூக்கிப் போய், விளக்கைக் குறைவாகப் போட்டு, பேச்சில்லாமல் முடித்து, திரும்பப் படுக்க வையுங்கள். நள்ளிரவில் கொஞ்சினால் அடுத்த நாள் கொஞ்சலுக்காகவே எழுப்பும். அழுது களைத்துத் தூங்கட்டும் என்று வேறு அறையில் போடுவதில் அர்த்தமில்லை, அவசரத்தில் அழுகிறதா தனிமையில் அழுகிறதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தால் சீக்கிரம் பழகுமா?

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். இது சிறிய இனங்களில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூன்று, நான்கு மாதத்துக்குக் குறைந்த சிறிய குட்டியின் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு வேளை தவறினாலோ குளிரில் நடுங்கினாலோ அளவுக்கு மீறி விளையாடினாலோ இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், முற்றினால் வலிப்பு. நாளுக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. அறிகுறி தெரிந்தால் ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். சர்க்கரை இல்லாத இனிப்பு வகை எதையும் கொடுக்காதீர்கள், அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் சர்க்கரையை இன்னும் இறக்கும், கல்லீரலையும் பாதிக்கும்.

தண்ணீர் பகல் முழுக்க இருக்கட்டும். படுக்கைக்கு ஒன்றரை, இரண்டு மணிநேரம் முன்பு கிண்ணத்தை எடுத்து வைக்கலாம். வெக்கையான இரவில் அதையும் செய்ய வேண்டாம்.

மழை பெய்தால் வாசலைத் தாண்ட மறுக்கிறது.

நம் கணுக்கால் நனையும் புல்லில் அதன் வயிறு முழுக்க நனைகிறது. குளிரும் அதற்குச் சீக்கிரம் ஏறும். கூரைக்கடியிலோ குடைக்கடியிலோ நனையாத ஒரு சிறு இடத்தை ஏற்பாடு செய்யுங்கள், முடி குறைந்த இனத்துக்கு ஒரு சட்டையும். திரும்பி வந்ததும் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு மட்டும் உள்ளே ஒரு புல் தட்டு வைப்பதில் தவறே இல்லை.

நாள் முழுக்க வேலைக்குப் போகிறோம். என்ன செய்வது?

எட்டு மணிநேரம் கூண்டில் விட முடியாது, இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. நடுவே ஒருவர் வந்து கூட்டிப் போகட்டும். முடியாவிட்டால் தடுப்பு வைத்த சிறு பகுதியில் படுக்கை, தண்ணீர், பேட் மூன்றையும் தள்ளித் தள்ளி வையுங்கள். பழக்கம் வரத் தாமதமாகும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு யார் கொடுப்பது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் எட்டு வாரக் குட்டியைவிட, வளர்ந்து பழகிய சிறிய நாய் ஒன்றைத் தத்தெடுப்பது எல்லோருக்கும் நல்லது என்பது என் கருத்து.

என்னைப் பார்த்ததும் குனிந்து அங்கேயே சிறுநீர் விடுகிறது.

இது வேறு கணக்கு. மகிழ்ச்சியிலோ பயத்திலோ தன்னை அறியாமல் விடுவது, பழக்கத்தோடு தொடர்பில்லாதது. சிறிய குட்டியின் கண்ணிலிருந்து பார்த்தால் மேலிருந்து குனியும் மனிதர் ஒரு மலை. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்டுகொள்ளாமல் சில நிமிடம் நடமாடுங்கள். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, அது தானாக வரட்டும் என்று விட்டு, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் மார்பைத் தடவுங்கள். திட்டினால் அதிகமாகும். பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும்.

ஆறு, ஏழு மாதத்தில் காலைத் தூக்கிச் சோபா மூலையில் தெளிக்கிறது.

ஆண் நாய் பருவத்துக்கு வரும்போது தொடங்கும் அடையாளமிடுதல் இது. தரையில் தேங்கி நிற்காது, செங்குத்தான பொருளில் கொஞ்சமாக இருக்கும். பெண் நாய்களும் சில சமயம் செய்யும். சிறிய ஆண் நாய்கள் காலைக் கூடுதல் கோணத்தில் உயர்த்தி, தம் உருவத்துக்கு மீறிய உயரத்தில் அடையாளம் வைக்கப் பார்க்கின்றன என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தத் தன்னம்பிக்கைக்குக் குறையே இல்லை.

கருத்தடை அறுவை செய்தால் பலவற்றில் இது குறையும், எல்லாவற்றிலும் நிற்காது. எப்போது செய்வது என்பதை மருத்துவர் சொல்வார். அதோடு, தெளித்த இடத்தை நொதித் திரவத்தால் கழுவி, வீட்டுக்குள் அது நடமாடும் இடத்தைக் குறைத்து, மறுபடி கண்காணிப்பில் வைக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை சோபாவைக் காக்கும், பழக்கத்தை மாற்றாது.

நன்றாகப் பழகியிருந்தது, திடீரென்று மறந்துவிட்டது. ஏன்?

முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, இரத்தம் கலந்து வருவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது இவை சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம், பெண் குட்டிகளில் அதிகம் வரும். வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும் காட்டுங்கள். குட்டியிலிருந்தே நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தால் சிறுநீர்க்குழாய் தவறான இடத்தில் இணைந்திருக்கும் பிறவிக் கோளாறாக இருக்கலாம். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அது தீராது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். வீடு மாற்றம், புதிய ஆள், வேலை நேர மாற்றம், பெண் நாய்க்கு முதல் பருவம். சில நாள் முதல் வார அட்டவணைக்கே திரும்பிப் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தன் மலத்தையே தின்கிறது.

குட்டிகளில் சகஜம். போனதும் உடனே அள்ளிவிடுங்கள். அது திரும்பும் முன் பண்டத்தைக் காட்டிக் கூப்பிடுங்கள். புழு மருந்து நாள் தவறியிருந்தால் கொடுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கதவில் மணி கட்டிப் பழக்கலாமா?

சிறிய நாய்க்கு நல்ல யோசனை, ஏனென்றால் அது கதவருகே நிற்பது பல நேரம் நம் கண்ணில் படாது. மூக்கு எட்டும் உயரத்தில் கட்டி, வெளியே போகும் ஒவ்வொரு முறையும் தொட வையுங்கள். விளையாடப் போகவும் மணி அடிக்கத் தொடங்கும். அப்போது கயிற்றில் கட்டி, அதே இடத்துக்கு, அதே சலிப்பான ஐந்து நிமிடம்.

எப்போது ‘பழகிவிட்டது’ என்று நம்பலாம்?

தொடர்ந்து இரண்டு மாதம் வீட்டுக்குள் ஒரு தவறும் இல்லை என்றால் நம்பத் தொடங்கலாம். பெரும்பாலான குட்டிகள் ஆறு மாத வயதை ஒட்டி ஓரளவு தேறிவிடும், சிறிய இனங்களில் ஓராண்டு வரை இழுப்பது அசாதாரணமில்லை. அதற்குள் வீடு முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். ஓர் அறையில் தேறியதும் அடுத்த அறை, அதுவும் முதலில் உங்கள் கண் பார்வையில். அதிகம் புழங்காத அறைகளைக் கடைசியில் திறங்கள், நாய்க்கு அது இன்னும் வீடாகத் தோன்றாது.

இதே காரணத்தால், சொந்த வீட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத நாய் உறவினர் வீட்டுக் கம்பளத்தில் போய்விடலாம். அங்கே போனதும் உள்ளே நுழையும் முன்பே வெளியே ஓர் இடத்தைக் காட்டிப் போகவைத்துவிட்டு, முதல் ஒன்றிரண்டு மணிநேரம் கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள்.